நான்கு நிமிடத் தாமதம்

“மைக்கைக் குடுங்க, எனக்குப் பதில் தெரியும்!” குழல்வாய்மொழி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடையை நோக்கிப் பாய்ந்தாள்.

“எம்மா, மானத்தை வாங்காத, உக்காரு!” இருபது வயது மகள் இதழினி முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

போர் நினைவுக் கூட்டத்தின் மேடையில் இருந்தவர், இருபது ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய எதிரிக் கப்பலில் உயிர் தப்பிய முதியவர். அவர் பேச்சு எல்லோர் காதுக்கருவியிலும் தமிழாக ஒலித்தது. “முதல் ஏவுகணை தாக்கியது. இரண்டாவது நான்கு நிமிடம் தாமதித்தது. அதற்குள் அறுபது பேர் குதித்துப் பிழைத்தோம். ஏன் தாமதம்? சாவதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.”

குழல்வாய்மொழி மைக்கைப் பறித்தாள்.

“ஐயா, அப்போ கடற்படையில எனக்கு வீட்டிலேருந்தே வேலை; எங்க வீட்டு ஹால்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து அந்த ரெண்டையும் ஏவினது நான்தான். முதலாவதை விட்டதும் என் மக இவ தொட்டில்ல வீல்னு கத்தினா. பால் குடுத்துட்டு வந்துதான் ரெண்டாவதை விட்டேன்.”