பிச்சையம்மாளின் சந்தேகம்

"டீச்சர், 'டர்ன் டவுன்'னா ஸ்டீமைக் கொறைக்கணுமா, அடைக்கணுமா?"

நூர்னிசாவுக்குச் சுள்ளென்று ஏறியது. பத்து நாளாக இதே கேள்வி. கேட்பதும் இதே பிச்சையம்மாள்.

"குறைக்கணும்க்கா! 'டர்ன் ஆஃப்'னாத்தான் மொத்தமா அடைக்கணும். எத்தனை தடவை சொல்றது?"

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பிச்சையம்மாளும் சேர்ந்து சிரித்தாள்.

"என் மண்டையில களிமண்ணுல்லா இருக்கு! இன்னொருக்கா சொல்லுங்க டீச்சர்."

ராஜபாளையத்தில் அந்த பேண்டேஜ் கம்பெனிக்குப் பஞ்சு வெளுக்கும் வெளிநாட்டு மிஷின் வந்திருந்தது. பித்தானுக்குப் பித்தான் இங்கிலீஷ்.

"பொம்பளைக இதைப் படிச்சு ஓட்டுறதாவது! மதுரையிலருந்து ஆம்பளை ஆள் எடுத்துக்கிடுறேன்" என்றுவிட்டார் மேனேஜர் சுந்தரபாண்டியன்.

லீவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்த எம்.ஏ. மாணவி நூர்னிசா, பஸ்ஸில் கூட வந்த பெண்கள் சொல்லக் கேட்டு, நேரே ஆபீசுக்கே போய்ச் சண்டை பிடித்தாள்.

"நான் சொல்லித் தாரேன். பரீட்சை வச்சுப் பாருங்க சார்!"

"பன்னெண்டு பேர்ல ஒருத்தி ஃபெயிலானாலும் அம்புட்டு பேர் சீட்டும் கிழிஞ்சிரும். சம்மதமா?"

"சம்மதம்!"

ஃபெயிலாகப்போகிற அந்த ஒருத்தி பிச்சையம்மாள்தான் என்று நூர்னிசாவுக்கு இப்போது தெரிந்துபோயிற்று.

"உங்களால மத்த பதினோரு பேர் பொழைப்பும் போகப்போகுது!" என்று பொரிந்தாள்.

"போகாது டீச்சர்."

பரீட்சை முடிந்தது. மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பன்னெண்டும் பாஸ். நூத்துக்கு நூறு ஒருத்திதான். பிச்சையம்மாள்."

நூர்னிசாவுக்குத் தலை கால் புரியவில்லை. "இப்ப என்ன சொல்றீங்க சார்?" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தாள். வந்ததும் பிச்சையம்மாளைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா தினம் என் உயிரை எடுத்தீங்க?"

"எனக்கு ரெண்டாம் நாளே புரிஞ்சுபோச்சு. பக்கத்துல இருந்தாளே சந்தனம், அவளுக்குத்தான் ஏறலை. அவளுக்காவக் கேட்டேன்."

"அவங்களே கேட்டா என்னவாம்? இப்படி வாயைத் திறக்காம இருக்கிறதாலதான் பொம்பளைங்கன்னா எல்லாருக்கும் இளக்காரமாப் போச்சு!"

பிச்சையம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"மொத நாளு கேட்டாளே டீச்சர். நீங்கதான் மொதல்ல சிரிச்சீக."