கடைசிச் சிவப்பு வரி

விவாகரத்து ஒப்பந்தத்தைக் கணவன் ஒன்று, மனைவி ஒன்று என்று தனித்தனியாக எழுதியிருந்தார்கள். இருவரும் புரோகிராமர்கள். அதனால் வக்கீலிடம் போகும் முன், ஆபீசில் பயன்படுத்தும், கோப்புகளை ஒப்பிட்டு ஒன்றாக்கும் மென்பொருளில் இரண்டையும் திறந்தார்கள். இடப்பக்கம் அவன் எழுதியது, வலப்பக்கம் அவள் எழுதியது. ஒத்துப்போகாத வரியெல்லாம் சிவப்பு. 'என்னுடையது', 'அடுத்தவருடையது' என்ற இரண்டு பட்டன்களில் எதை அமுக்குகிறோமோ அந்த வரி நிற்கும், சிவப்பு போய்விடும்.

"என்னடா இது, ஒரே ரத்தக்களறியா இருக்கு?"

"நம்ம குடித்தனம் வேற எப்படித் தெரியும்?"

சோபாவுக்கு அரை மணி நேரம் ஆனது. பூனையை இருவருமே தனக்கென்று எழுதியிருந்ததால் ஒன்றரை மணி நேரம்.

"ஐயோ, 'என்னுடையது' பட்டனைத்தானே அமுக்கினேன்? உன் வரி ஏறிடுச்சே!" என்றாள்.

"லேப்டாப் என்னோடது. அதுல 'என்னுடையது'ன்னா நான்தான்."

"இந்த சாஃப்ட்வேரைச் செஞ்சவன் வீட்லயும் இதே சண்டைதான் நடந்திருக்கும்."

சாயங்காலம் ஒரே ஒரு சிவப்பு மிச்சமிருந்தது. ஆறு வயது மகளைப் பற்றிய வரி.

"இதுல என் வரிதான் நிக்கணும். கோர்ட் வரைக்கும் போவேன்" என்றாள்.

"தாராளமா போ. நானும் ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

"அவ விஷயத்துல மட்டும் என்கிட்ட மோதாத."

"நீயும்தான்."

அவன் அந்தச் சிவப்பு வரியைத் திரையில் பெரிதாக்கினான்.

இடப்பக்கம்: 'குழந்தை தாயிடம் வளரும்.'

வலப்பக்கம்: 'குழந்தை தந்தையிடம் வளரும்.'

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்திருந்தார்கள்.