ஏகமனதான தீர்மானம்

"சார், நீங்க தெய்வம்!" என்று காலையிலேயே ஊழியர்கள் மேலாளரைச் சூழ்ந்துகொண்டார்கள். நேற்றைய மீட்டிங்கின் தீர்மானங்கள் எல்லோருக்கும் மெயிலில் வந்திருந்தன. இனி சனிக்கிழமை லீவாம். சாப்பிட்டதும் அரை மணி நேரத் தூக்கமாம்.

மேலாளருக்குத் தலை சுற்றியது. குறிப்பெடுக்கத் தன் ஏஐ-யை மீட்டிங்குக்கு அனுப்பிவிட்டு, தன் அறையில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தவர் அவர். அதை வெளியே சொல்ல முடியுமா?

கணக்காளரைத் தனியே இழுத்தார். "நேத்து மீட்டிங்ல யாருய்யா பேசினது?"

"தெரியலை சார். நானும் என் ஏஐ-யைத்தான் அனுப்பினேன். எல்லாருமே அப்படித்தானாம்."

"அப்ப ரூம்ல ஆளே இல்லையா?"

"ஏன் இல்லை? நான் இருந்தேனே!" என்றார் ஏணியோடு வந்த எலக்ட்ரீஷியன். "போனை ஸ்பீக்கர்ல போட்டு வீட்டுக்காரிகிட்ட பேசிக்கிட்டே ஃபேன் மாட்டினேன். சனிக்கிழமை லீவு போடு, சாப்பிட்டதும் கொஞ்சம் தூங்குன்னு ஒரே பிடுங்கல் சார்."

மேலாளர் மெயிலின் கடைசி வரிக்கு ஓடினார். "மாமியார் நாளை முதல் நம்முடன் தங்குவார். ஏகமனதாக நிறைவேறியது."

எலக்ட்ரீஷியன் ஏணியைக் கீழே போட்டார்.

"ஐயையோ, அதுக்கு நான் இன்னும் ஒத்துக்கவே இல்லையே சார்!"