கச்சிதமான சர்க்கரை

டாக்டரம்மா ஸ்கேன் படத்தையும் வீட்டிலிருந்து வந்த சர்க்கரை மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டில் ஒன்று புளுகுகிறது என்று தோன்றியது.

“சாப்பாட்டுல கட்டுப்பாடு உண்டா?”

“இனிப்பு வாசனைகூடப் பிடிக்கிறதில்ல டாக்டர்,” என்றான் கணவன். ஏழு மாத வயிற்றோடு பக்கத்தில் மனைவி தலையாட்டினாள்.

“நடை?”

“தெருநாயெல்லாம் குரைக்கிறதை விட்டுட்டு இப்ப கூடவே வருது.”

“மீட்டரும் கச்சிதமாத்தான் காட்டுது. ஆனா குழந்தை மாசத்துக்கு மீறிப் பெருத்திருக்கே! அம்மாவுக்குச் சர்க்கரை ஏறினா இப்படி ஆகும். பிரசவமும் சிக்கலாயிடும்.”

“எங்கப்பா வீட்டுல எல்லாருமே ஆஜானுபாகுங்க,” என்றாள் மனைவி.

டாக்டரம்மா அவள் விரல்நுனிகளைத் தடவினார். பூப்போல இருந்தன. கணவனின் விரல்களைத் திருப்பினார். பத்திலும் ஊசிப் புள்ளிகள்.

“இவளுக்கு ஊசின்னா பயம்,” என்றான் கணவன். “ஒரே சமையல், ஒரே சாப்பாடு. யார் விரலா இருந்தா என்னன்னு நான் குத்திக்கிட்டேன். மொதல்ல ஏறித்தான் இருந்தது. நான்தான் இனிப்பை விட்டு, நடையா நடந்து குறைச்சேன். பெல்ட்டுல புது ஓட்டை போட்டிருக்கேன் பாருங்க!”

“நீங்க விட்ட இனிப்பெல்லாம்?”

“வீணாகக் கூடாதேன்னு...” என்று இழுத்தாள் மனைவி.

“குழந்தை அவர் வயித்துல இல்லையேம்மா!”

அவள் முகம் வெளுத்தது. “இனிமே சரி பண்ணலாமா டாக்டர்?”

“இன்னிக்கே ஆரம்பிச்சா பண்ணலாம்.”

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு, மறுபேச்சில்லாமல் விரலை நீட்டினாள். ஊசி இறங்கியது.

“ஐயோ, அம்மா!”

அலறியவன் கணவன்.