வாளித் தண்ணீர்

சிவாஜிநகர் கொட்டகையில் மாட்னி முடிந்து வெளியே வந்த பிறகும் கோமளம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"பாட்டும் இல்ல, சண்டையும் இல்ல, இதெல்லாம் ஒரு படமா?" என்று பின்னால் யாரோ அலுத்துக்கொண்டார்.

"கல்நெஞ்சக்காரன்!" என்று முணுமுணுத்தாள் கோமளம். "ஏன்னா, இருந்த ஒரு பன்னை அந்த மூட்டை தூக்கறவனும் தெருநாயும் ஆளுக்குப் பாதியா தின்னுதுகளே, அப்போ அழுதுட்டேன்."

"நானுந்தான்," என்றார் கணவர் சேஷகிரி.

"அந்த நாய் மேல வாளித் தண்ணியை விசிறினாளே ஒருத்தி, அவ உருப்படுவாளா? படம் எடுத்தவன் அவ முதுகைத்தான் காட்டினான். மூஞ்சியைக் காட்டியிருந்தா தேடிப் போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன்!"

பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தப் பெண்ணுக்கு அர்ச்சனை நடந்தது. சேஷகிரி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

வாசற்படியில் தெருநாய் படுத்திருந்தது.

"ச்சீ, போ!" என்று கோமளம் கையை ஓங்கினாள்.

"கோமு, படத்துல தண்ணி விசிறினாளே, அவ வீட்டுக் கதவுல குதிரை லாடம் அடிச்சிருந்ததே, பார்த்தியோ?" என்றார் சேஷகிரி.

கோமளம் தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். லாடம் பளபளத்தது.

"போன வருஷம் எதிர்ல ஒரு வேன் நின்னுதே. நாய் பிடிக்கற வண்டி வந்துடுத்துன்னு நீகூட சந்தோஷப்பட்டியே, அதுக்குள்ளதான் கேமரா இருந்திருக்கு."

ஓங்கிய கை மெல்ல இறங்கியது. உள்ளே போனவள், ஒரு தட்டுத் தயிர்சாதத்தோடு திரும்பினாள். அதை நாயின் முன்னால் வைத்துவிட்டுத் தெருவின் இரண்டு கோடியையும் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, அந்த வேன் மறுபடியும் வருமா? இந்தத் தடவை நான் மூஞ்சியைக் காட்டறேன்."