டீக்கடை வாசலில் ஒரு மூடி

நடுத்தெருவில் வாயைப் பிளந்து கிடந்த சாக்கடைக் குழி, நகராட்சி ஊழியரின் டேப்லெட்டில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக் கத்தியது: "என் மூடி எங்கேடா?"

"நேத்தே போட்டாச்சே," என்றது வரைபடம். "உன் புள்ளி டீக்கடை வாசல்ல இருக்கு. மூடியும் அங்கேதான் இருக்கு."

"அளக்க வந்தவன் டீ குடிச்சுக்கிட்டே அங்கேயே புள்ளி வெச்சுட்டுப் போயிட்டான்! நான் இங்கே கிடக்கிறது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"என்கிட்ட தப்பே வராது. வேணும்னா நீ டீக்கடைக்கு நகர்ந்து போ."

"குழி எப்படிடா நகரும்? புள்ளியை நகர்த்து!"

புள்ளி நகரவில்லை.

மாலையில் பரிமளா டீச்சர் ஸ்கூட்டரோடு குழிக்குள் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். உடனே வரைபடத்தில், டீக்கடை வாசலில், ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது.

மறுநாள் நகராட்சி ஆட்கள் வந்தார்கள். ஆபத்தான இடம் என்று டீக்கடைக்குச் சீல் வைத்துவிட்டு, குழியைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.