மருத்துவக் குழுவின் முன்

கிள்ளானில் மருத்துவக் குழுவின் அறை, மணி மூன்று பத்து. மின்விசிறி சுற்றியும் காற்று அசையவில்லை. கேரி தீவுத் தோட்டத்துக் காத்தமுத்து சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். செம்பனைக் குலை விழுந்த வலது தோள் தாழ்ந்து கிடக்கிறது. கையைத் தூக்கினால் உயிர் போகிறது. நன்றாகத் தூக்க முடியும் என்று சொல்லித் தொழிலாளர் காப்புறுதியில் சிகிச்சையை மறுத்துவிட்டார்கள். இன்று மேல்முறையீடு, இதுவே கடைசி. நான் குமாஸ்தாவாக இருக்கும் வக்கீல் மார்க்கிரட் அவரிடம் குனிந்து, "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க அங்கிள், மறைக்காதீங்க லா" என்கிறார். "டாக்டர் முன்னால அழச் சொல்றீங்களாம்மா? எம் பொஞ்சாதி கேட்டா லயத்து வீடு பூரா சொல்லிருவா" என்று அவர் சிரிக்கிறார். வக்கீல் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவற்றை எல்லாம் என் மாலை நேரச் சட்ட வகுப்பு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இருந்தும் ஏதோ விட்டுப்போனதாகவே படுகிறது. கதவு திறந்து குழுவின் டாக்டர் நுழைகிறார். காத்தமுத்து சட்டென எழுகிறார். முப்பது வருடமாகத் தோட்டத் துரையைக் கண்டதும் செய்ததைப் போலவே, வலது கையை உயர்த்தித் தலைத்துண்டை அவிழ்க்கிறார். உதடு வெளுக்கிறது, சத்தம் வரவில்லை. டாக்டரின் கண் அந்தக் கையிலேயே நிற்கிறது. மலாய் மொழியில் கனிவாக உட்காரச் சொல்லிவிட்டு, அவரை இன்னும் தொடாமலே எழுதத் தொடங்குகிறார்.